நீல மூடி போட்ட குப்பிகள்

ஒட்டகச்சிவிங்கி ஒரே இனம் இல்லை, நான்கு தனித்தனி இனங்கள் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்ற செய்தி வந்த அன்று எனக்கு மூன்று பேர் தொலைபேசி எடுத்தார்கள். இரண்டு பேர் வாழ்த்தினார்கள், என் வீட்டில் யாருக்கோ பிள்ளை பிறந்ததுபோல. ஓய்வுபெற்று பால்கனித் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் ஓர் ஆய்வுகூட உதவியாளருக்கு இதில் என்ன பங்கு என்று சொல்லிப் பார்த்தேன். அவர்கள் விடுவதாக இல்லை.

மூன்றாவதாக எடுத்தவள் கார்லா. பான் நகரத்து ஆய்வுகூடத்தில் நான் நின்ற மேசையில் இப்போது நிற்கிற ஜேர்மன் பெண். அவள் வாழ்த்தவில்லை. இப்போது இயந்திரம் ஒரு மிருகத்தின் மரபணு முழுவதையும் வாசித்துக் கொடுத்துவிடுகிறது, நீங்கள் வெறும் சில துண்டுகளை வைத்துக்கொண்டு எது கலப்பு, எது கலப்பில்லை என்று எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். அவளுக்கு ஜேர்மனில் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். அதில் செய்முறை மட்டும் இருந்தது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அந்த மிச்சம் தமிழில்தான் நடந்தது.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்தவள். எங்கள் ஆட்கள் வந்த வழியால்தான் வந்தேன், அவர்கள் செய்த வேலைகளைத்தான் செய்தேன்: உணவகத்தில் பாத்திரம், ஆஸ்பத்திரியில் துடைப்பம். பிறகு அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, எடுக்கலாம் என்றபோது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்த ஜேர்மன் அம்மா முதியோர் பராமரிப்பு என்று எழுதத் தொடங்கிவிட்டார். நான் ஆய்வுகூடம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். ஊரில் உயிரியல் படித்தவள் என்று சொல்லி, பிடிவாதமாக இருந்து, அகராதியும் கையுமாகப் படித்து முடித்தேன். அந்த வருடங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லோரும் பட்டதுதான்.

என்னை வேலைக்கு எடுத்தவர் டொக்டர் லிண்ட்னர். நெட்டையான பெண்மணி. ஆய்வுகூடத்துக்குள் வந்தால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார். முதலில் எனக்கு அது பெரிய கெப்பராக, தலைக்கனமாகப் பட்டது. பிறகுதான் விளங்கியது, தன் கை எதிலும் பட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படி. ஒரு ஆய்வுகூடத்தில் மனிதக் கையைவிட ஊத்தையான சாமான் இல்லை என்பார். கேள்வி கேட்பதென்றால் நின்றபடி கேட்க மாட்டார். பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, எங்கள் கண் உயரத்துக்கு வந்து, பிறகுதான் கேட்பார். நல்லது என்று அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. பிழை இல்லை என்றால் அடுத்த வேலையைச் சொல்வார். அதுதான் பாராட்டு.

அவர் முதல் நாளே சொன்ன விதி ஒன்று. இந்த மேசைக்கு வருகிற எதற்கும் ஊர் கிடையாது, இலக்கம் மட்டும்தான். ஒரு துண்டுத் தோல் எந்தக் காட்டிலிருந்து வந்தது, பார்வைக்கு எப்படி இருந்த மிருகத்துடையது என்று வேலை செய்கிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் எதிர்பார்த்ததைத்தான் கண் காணும். கேள்வி கேட்காமல் வேலையை முடி, முடிவு வந்த பிறகு ஊரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அவருடைய கணக்கு.

மற்றவர்களுக்கு அது ஒரு விதி. எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஹம் நகரத்தில் எங்கள் ஆட்களின் ஒரு கலியாணத்துக்குப் போனால் ஊரில் எங்கே என்று கேட்பார்கள். சொன்னால், அங்கே எந்தப் பக்கம் என்பார்கள். அதையும் சொன்னால், எந்தக் கோயிலடி என்பார்கள். என்னை எந்தப் பெட்டிக்குள் வைப்பது என்று தெரிந்தவுடன் கேட்டவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும், அதற்குப் பிறகு என்னோடு எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரிந்துவிடும். நாள் முழுக்க ஊர் கேட்காத ஒரு மேசையில் நிற்பது எனக்கு ஓய்வு மாதிரி இருந்தது. அதே கலியாணங்களில், நான் ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கிறேன் என்று நினைத்திருந்தவர்களுக்கு உண்மையைச் சொன்னால், ஒட்டகச்சிவிங்கிக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று விசாரிப்பார்கள். ஒரு வருத்தமும் இல்லை, அது யாருடைய பிள்ளை என்று பார்க்கிறோம் என்பேன். உங்களுக்கு வேறு வேலை இல்லையோ என்று சிரிப்பார்கள்.

வேலை இருந்தது. கென்யாவில் மூன்று வகை ஒட்டகச்சிவிங்கிகள் ஒன்றுக்கொன்று கிட்டக்கிட்ட வாழ்கின்றன. மேற்கே, வடக்கு வகை என்று பெயர் வைத்த ஒன்று, வடகிழக்கே வலைக்கோட்டு வகை, தெற்கே மசாய் வகை. வலைக்கோட்டுக்கு உடம்பெல்லாம் கல் பதித்த முற்றம்போலப் பெரிய கட்டங்களும் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடுகளும் இருக்கும். மசாய்க்குக் கிழிந்த இலைகளை ஒட்டினதுபோல ஓரம் சிதறின புள்ளிகள். மிருகக்காட்சிசாலையில் ஒன்றாக விட்டால் இவை தாராளமாகச் சேர்ந்து குட்டி போடும். காட்டில், நடுவில் மலையோ கடலோ இல்லாத இடத்திலும், சேர்வது மிக அரிது. மழை வரும் மாதங்கள் வேறு, அதனால் சேரும் காலமும் வேறு என்று சிலர் சொன்னார்கள். உண்மையான காரணம் அப்போது ஒருவருக்கும் தெரியாது, இப்போதும் முழுக்கத் தெரியும் என்று நான் நினைக்கவில்லை.

டொக்டர் லிண்ட்னர் இவை வெவ்வேறு இனங்கள் என்ற கட்சி. கருத்தரங்குகளில் அவரை நக்கலடித்தவர்கள் இருந்தார்கள். புள்ளி வேறு என்றால் இனம் வேறா, அப்படியானால் என் வீட்டுப் பூனைகளும் நான்கு இனம் என்று ஒருவர் மேடையிலேயே சொன்னாராம். அதை அவர் எங்களுக்குச் சிரிக்காமல் சொன்னார். தோலின் புள்ளியை வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது என்பதில் அவர் எல்லோரையும்விடக் கடுமையாக இருந்ததற்கு அந்தப் பூனைகளும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

அவரிடம் முனைவர் பட்டத்துக்கு வந்தவர் பெனடிக்ட். தூத்துக்குடிக்காரர், கலியாணமானவர், மனைவி ஸ்டெல்லா, வரும்போது நாலு வயதில் ஒரு மகள். வந்த முதல் வாரம் என்னை மேடம் என்றார். இரண்டாவது வாரம் நான் கத்தரிக்காய்க் குழம்பு கொண்டுபோயிருந்தேன், அன்றிலிருந்து அக்கா. அவருடைய தமிழில் பாதி ஆங்கிலம், என்னுடையதில் கால்வாசி ஜேர்மன். இரண்டு பேரும் மற்றவர் பேசுவதைக் கேட்டுச் சிரிப்போம். அத்தனை வருடமும் ஆய்வுகூடத்துக்குள் நான் தமிழ் பேசியதில்லை. மேசைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று, அக்கா, டீ போடட்டா என்று கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

அவர் மூன்று தடவை கென்யாவுக்குப் போய் மாதிரிகள் எடுத்துவந்தார். துப்பாக்கியால் சுடுகிற சின்ன ஊசி ஒன்று உண்டு. அது மிருகத்தின் தொடையில் பட்டு, பயறளவு தோலைக் கிள்ளிக்கொண்டு கீழே விழும். மிருகம் ஒரு துள்ளுத் துள்ளிவிட்டு மறுபடி மேயப் போய்விடும். ஊசியைப் பொறுக்கி, தோலை மதுசாரக் குப்பியில் போட்டு, இலக்கம் எழுதி, ஊசியைச் சுத்தப்படுத்தி அடுத்ததற்கு எடுக்க வேண்டும். வெயிலில், புழுதியில், வண்டியின் பின்பக்கத்தில் செய்கிற வேலை இது. எந்தக் குப்பி எங்கே எடுத்தது என்று குழம்பாமல் இருக்க பெனடிக்ட் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். வலைக்கோடு மாதிரித் தெரிந்த மிருகம் என்றால் நீல மூடி. மசாய் மாதிரித் தெரிந்தால் மஞ்சள் மூடி. இலக்கம் விதிப்படியே இருந்தது, ஊர் எங்கும் எழுதப்படவில்லை.

என் மேசைக்கு வந்தபோது நான் தோலைக் கரைத்து, மரபணுவைப் பிரித்து, புதுக் குப்பிக்கு மாற்றினேன். நீல மூடிக்கு நீல மூடியே போட்டேன், மஞ்சளுக்கு மஞ்சள். அது துப்புரவான வேலை என்று நினைத்தேன். விதியை ஒருவரும் மீறவில்லை.

இனி கார்லாவுக்கு எழுதின விஷயம், சுருக்கமாக. மரபணுவில் சில இடங்களில் ஒரே சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தரம் திரும்புகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு, அதனால் அந்த இடத்தின் நீளமும் வேறு. ஒரு மிருகத்துக்குத் தாயிடமிருந்து ஒரு நீளம், தகப்பனிடமிருந்து ஒரு நீளம். இயந்திரம் அதைத் தாளில் கோடாக வரைந்து, ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு முனையாக எழுப்பிக் காட்டும். ஓர் இடத்தில் ஒரு முனை இருக்கலாம், இரண்டு இருக்கலாம், மூன்று இருக்க ஏலாது. மூன்று இருந்தால் குப்பிக்குள் இரண்டு மிருகம் இருக்கிறது என்று அர்த்தம். சில நீளங்கள் மசாயில் மட்டுமே வரும், சில வலைக்கோட்டில் மட்டுமே. அதை வைத்துத்தான் கலப்பைக் கண்டுபிடிப்பது. அந்த முனைகளை வாசிப்பது கண்ணின் வேலை. நீளமான துண்டின் முனை எப்போதும் குட்டையாகவே வரும். இயந்திரத்தின் இரைச்சலும் குட்டை முனைகளை எழுப்பும். எது உண்மை, எது இரைச்சல் என்று வாசிக்கிறவர் தீர்மானிக்க வேண்டும்.

நானும் பெனடிக்டும் தனித்தனியாக வாசித்தோம். எல்லாம் நேராக வந்தது, நாற்பத்தொன்றாம் இலக்கத்தைத் தவிர. அதில் பார்த்த இடமெல்லாம் இரண்டு பெரிய முனை, ஒன்று மசாயின் நீளம், ஒன்று வலைக்கோட்டின் நீளம். பாதிக்குப் பாதி. கண்ணை மூடிக்கொண்டாலும் தெரியும் என்பார்களே, அப்படி.

பெனடிக்ட் முதலில் பயப்படவில்லை. அது ஊசியில் ஒட்டியிருந்த அழுக்கு, முந்தின மிருகத்தின் தோல் கலந்துவிட்டது, அந்த ஒரு இலக்கத்தை விட்டுவிடலாம் என்றார். அவருடைய ஆய்வேட்டின் மைய வாக்கியம், காட்டில் கலப்பு இல்லை என்பது. டொக்டர் லிண்ட்னரின் பத்து வருட வாக்கியமும் அதுதான். அவர் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். தாளைப் பார்த்தார். பிறகு பெனடிக்டிடம் மெதுவாகக் கேட்டார்: அழுக்கு என்றால், வேறு எந்தெந்தக் குப்பியில் அந்த அழுக்கு இருக்கிறது?

அப்போதுதான் பெனடிக்டின் முகம் மாறியது. ஊசிகளைச் சுத்தம் செய்தவர் அவர். ஒன்று பிழை என்றால் எல்லாமே சந்தேகம். எல்லாமே சந்தேகம் என்றால் ஆய்வேடு இல்லை. அவருடைய ஒப்பந்தம் செப்டெம்பரோடு முடிகிறது, விசா அந்த ஒப்பந்தத்தோடு கட்டியிருக்கிறது, மகள் ஆகஸ்டில் பள்ளிக்கூடம் தொடங்கப் போகிறாள். ஸ்டெல்லா பள்ளிப் பையை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார்.

டொக்டர் லிண்ட்னர் எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொன்னார். பெனடிக்ட் தன்னுடைய குப்பிகளைத் தொடக் கூடாது. அலுவலகத்துச் செயலாளரம்மாவைக் கூப்பிட்டார். ஒட்டகச்சிவிங்கியைப் படத்தில் பார்த்ததோடு சரி, அப்படியானவர். அவர் எல்லா மாதிரிகளுக்கும் புது இலக்கம் கொடுத்து, வெள்ளை மூடிக் குப்பிகளில் என்னிடம் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. வெள்ளை மூடி என்று சொன்னபோது டொக்டர் லிண்ட்னர் என் பெட்டியில் வரிசையாக இருந்த நீலத்தையும் மஞ்சளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் இருந்த கையை எடுத்து, ஒரு நீல மூடியை விரலால் தொட்டார். அவர் எதையும் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

வாசிப்பதற்கு நானும் ஊவேயும். ஊவே அடுத்த அறையில் வேலை செய்யும் ஜேர்மன்காரர், வண்டுகளை ஆராய்கிறவர், ஒட்டகச்சிவிங்கி பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமல் வாசித்து, முடிவை மூடிய உறையில் டொக்டர் லிண்ட்னரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு உறையும் வந்த பிறகுதான் திறப்பார். பெனடிக்ட் சமர்ப்பிக்கும் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் புதிதாக ஒன்றும் வராவிட்டால் நாற்பத்தொன்றைச் சேர்த்து எழுதிச் சமர்ப்பிக்கலாம் என்று அவருக்கு அனுமதி இருந்தது.

ஊவே வாசித்து முடித்து, உறையைக் கொடுத்துவிட்டு, ஸ்பெயினுக்கு விடுமுறையில் போய்விட்டார். நான் கடைசித் தாள்களில் இருந்தேன். நல்ல செய்தி முதலில் வந்தது. ஒரு இடத்திலும் மூன்று முனை இல்லை. குப்பிகளில் அழுக்கு இல்லை. பெனடிக்ட் ஊசிகளைச் சுத்தமாகத்தான் கழுவியிருக்கிறார். அந்தப் பாதிக்குப் பாதி மிருகம் உண்மையிலேயே கலப்பு, அதன் தாயும் தகப்பனும் வேறு வேறு இனம். அது இரண்டாம் தடவையும் அப்படியே வந்தது.

பிறகு இன்னொன்று வந்தது. வேறொரு இலக்கம். முதல் தடவை நாற்பத்தொன்றைத் தவிர எல்லாம் நேராக வந்ததால், நானும் பெனடிக்டும் இதைத் தூய வலைக்கோடு என்றுதான் வாசித்திருப்போம். ஏறக்குறையப் பாதி இடங்களில் பெரிய முனைக்குப் பக்கத்தில் ஒரு குட்டை முனை, ஒவ்வொன்றும் சரியாக மசாயின் நீளத்தில். இரைச்சல் இப்படி இடம் பார்த்து வராது. நீல மூடியைப் பார்த்தபடி வாசித்த அன்று அது இரைச்சலாகத் தெரிந்தது, வெள்ளை மூடியில் அது முனையாகத் தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பெனடிக்ட் தேநீரோடு வந்தார். முடிவைக் கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். கேட்கவில்லை. ஆனால் தாள் மேசையில் விரித்திருந்தது, அவருக்கும் கண் இருக்கிறது.

"ரெண்டா?" என்றார்.

நான் தாளைத் திருப்பி வைத்தேன். அவர் முக்காலியில் உட்கார்ந்தார்.

"நாப்பத்தொண்ணு ஒரு பொம்பள, அக்கா. பக்கத்துலயே ஒரு குட்டி நின்னுச்சு. தாயை உரசிக்கிட்டே நின்னுச்சு. அடுத்த ஷாட் அதுக்குத்தான். பேட்டர்ன் அவ்ளோ நீட்டா இருந்துச்சு, யோசிக்காம நீலம் போட்டேன்."

இரண்டு தாளையும் ஒப்பிட்டால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு நீளம் பொதுவாக இருந்தது: தாய் கலப்பு, குட்டி வலைக்கோட்டுத் தகப்பனுக்குப் பிறந்தது. ஒரு தடவை தவறிப்போய்ச் சேர்ந்தது என்று தள்ளிவிடவும் ஏலாது. கலப்பு மிருகம் காட்டிலே உயிரோடு வளர்ந்து, தானும் பெற்றிருக்கிறது. அதைவிடப் பெரிய விஷயம், மூடியின் நிறம் எங்கள் வாசிப்பைக் கெடுத்திருக்கிறது என்பது. அப்படியானால் அவருடைய ஏட்டில் உள்ள எல்லா எண்களையும் புது வாசிப்பிலிருந்து மறுபடி போட வேண்டும். தவணைக்குள் அது நடக்காது.

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். அந்த அறையில் எங்களைத் தவிர ஒருவருக்கும் தமிழ் தெரியாது, அறையில் எங்களைத் தவிர ஒருவரும் இருக்கவும் இல்லை.

"அக்கா, நீங்க பொய் சொல்ல வேணாம். ஒண்ணும் மறைக்கவும் வேணாம். கொஞ்சம் மெதுவா செய்யுங்க, போதும். நான் சப்மிட் பண்ற வரைக்கும். ஊவே கவர் அங்கேயேதான் இருக்கு, எப்படியும் உண்மை வரத்தான் போகுது. பாப்பா ஸ்கூல் ஆரம்பிக்கணும், அக்கா."

"ஏலாது, பெனடிக்ட்."

"ரெண்டு வாரம்தான்."

"ஏலாது."

அவர் எழும்பிப் போனார். தேநீர் அப்படியே இருந்தது. அவர் கேட்டது பெரிய விஷயம் இல்லை. ஒரு தாளை இன்னொரு நாளைக்குத் தள்ளி வைப்பது. காய்ச்சல் என்று வீட்டில் நின்றாலே போதும். அந்தப் பிள்ளை என் மடியில் இருந்து சாப்பிட்ட பிள்ளை. எங்கள் ஆட்களுக்கு இந்த நாட்டில் எத்தனை பேர் எத்தனை கதவைக் கொஞ்சம் மெதுவாக மூடினதால் நாங்கள் உள்ளே வந்தோம் என்பதும் எனக்குத் தெரியும். அன்று வேலை முடியுமுன் உறையை ஒட்டி டொக்டர் லிண்ட்னரிடம் கொடுத்தேன். பெனடிக்ட் கேட்டதைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை, வேறு யாரிடமும் சொல்லவில்லை. அது வாசிப்பின் பகுதி அல்ல.

அவர் இரண்டு உறையையும் திறந்தார். ஊவேயும் அதே இரண்டு மிருகத்தைத்தான் சொல்லியிருந்தார். டொக்டர் லிண்ட்னர் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னது மிகக் கொஞ்சம். மூடிகளைத் தான் முதலிலேயே பார்த்திருக்க வேண்டும், அது தன்னுடைய பிழை. இத்தனை மிருகத்தில் இரண்டே இரண்டு, அதிலும் ஒன்று மற்றதன் குட்டி. சேர முடிந்தும் இவை பெரும்பாலும் சேர்வதில்லை, இதுதான் முடிவு. இல்லவே இல்லை என்பதைவிட இது கடினமான வாக்கியம், ஆனால் இனி இதைத்தான் எழுத வேண்டும். தன் பழைய கட்டுரைகளில் இருந்த வாக்கியத்தைத் திருத்தி அடுத்த மாதமே ஒரு குறிப்பு வெளியிட்டார். பூனைக்காரர் அதற்குப் பிறகு என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

பெனடிக்டுக்குத் தவணை தவறியது. ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்க இடம் இல்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒவ்வொரு டெர்மினாக, அவர்கள் குறித்துத் தருகிற நாளுக்கெல்லாம், போய் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக விசாவை நீட்டிக்கொண்டார். சனி ஞாயிறுகளில் ஒரு கிடங்கில் பார்சல் அடுக்கினார். ஸ்டெல்லாவும் மகளும் தூத்துக்குடிக்குப் போனார்கள். ஆகஸ்டில் மகள் பள்ளிக்கூடம் தொடங்கவில்லை, இங்கே இல்லை.

அவர் வேலை செய்ய ஆய்வுகூடத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தார். எண்களை ஒவ்வொன்றாக மறுபடி போட்டார். ஆனால் அன்றிலிருந்து என்னோடு ஜேர்மனில் பேசினார். காலை வணக்கத்துக்குக் குட்டன் மோர்கன், ஃப்ராவ் சிவபாலன், அதாவது திருமதி சிவபாலன். மாலையில் போகும்போது ஷோனன் ஆபென்ட், ஃப்ராவ் சிவபாலன். பிழையில்லாத, மரியாதையான ஜேர்மன். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் குழம்பு கொண்டுபோவதை நிறுத்திவிட்டேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் எனக்கு வேலைக்குப் போகவே மனம் வரவில்லை. செய்தது சரி என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை. அதனால் நோவு குறையவும் இல்லை.

அடுத்த வசந்தத்தில் அவருடைய ஆய்வேட்டுத் தேர்வு நடந்தது. இங்கே அது திறந்த மண்டபத்தில் நடக்கும், யாரும் போய் உட்காரலாம். நான் போவதா விடுவதா என்று யோசித்து, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஸ்டெல்லாவும் மகளும் திரும்பி வந்திருந்தார்கள், முன் வரிசையில் இருந்தார்கள். அவர் நன்றாகப் பேசினார். தாயும் குட்டியும் நிற்கிற படத்தைத் திரையில் காட்டினார். குட்டியின் கட்டங்கள் உண்மையில் மிக அழகாக, நேராக இருந்தன. நானும் நீலம்தான் போட்டிருப்பேன்.

வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர் கேட்டார். இரண்டாவது கலப்பு மிருகம் தாமதமாகத்தான் ஏட்டுக்குள் வந்திருக்கிறது, அதை எப்படிக் கவனித்தீர்கள் என்று. சாதாரணக் கேள்வி. மறுபரிசோதனையில் தெரிந்தது என்று சொன்னால் போதும், அது உண்மையும்கூட.

பெனடிக்ட் கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தார். பிறகு ஜேர்மனில் சொன்னார். "நான் கவனிக்கவில்லை. வாசித்தவர்கள் கவனித்தார்கள். அவர்களில் ஃப்ராவ் சிவபாலனின் தாளை நான் பார்த்துவிட்டேன். நான் சமர்ப்பித்து முடிக்கும்வரை மெதுவாக வேலை செய்யும்படி அவரைக் கேட்டேன். அவர் அதே நாளில் கொடுத்துவிட்டார். அதனால்தான் இந்த ஏட்டில் உள்ள எண்கள் சரியானவை."

பரீட்சகர் தன் பேனாவைப் பார்த்தார். டொக்டர் லிண்ட்னர் திரும்பி, வரிசை வரிசையாகப் பார்த்து, என்னைக் கண்டுபிடித்தார். அவர் முகத்தில் இருந்தது கோபமா, வேறேதுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டார். பரீட்சகர்கள் உள்ளே போய்க் கதைத்துவிட்டு வர வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தார்கள். பட்டம் கொடுத்தார்கள், நடுத்தரமான புள்ளியோடு.

வெளியே மேசையில் வைன் கிளாசுகள் அடுக்கியிருந்தன. எல்லோரும் அவருக்குக் கை கொடுத்தார்கள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். அவர் பின்னால் வந்தார்.

"கோபமா, அக்கா?"

"ஓம்."

"மெதுவா செய்யுங்கன்னு சொன்னதுக்கா?"

"அதுக்கில்லை. அதை ஏன் ஊவேயிட்டைக் கேக்கேல்லை? அவரும்தானே வாசிச்சவர். லீவிலை போக முதல் அவரிட்டைக் கேட்டிருக்கலாம்தானே. ஏன் என்னட்டை?"

அவர் தரையைப் பார்த்தார். "நீங்க நம்ம ஆளுன்னு நெனச்சேன்."

"நான் உங்கட ஆள்தான். அதாலதான் அண்டைக்கே குடுத்தனான்."

உள்ளேயிருந்து மகள் அப்பா என்று கூப்பிட்டாள். அவர் போகாமல் நின்றார், நானும் நின்றேன். பிறகு இரண்டு பேரும் உள்ளே போனோம்.